ஏமாத்துச் சுற்று

விசில் டீச்சருக்குப் பொய் சொல்லவே வராது என்று அவளுடைய அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டின மாதிரித் தெரிந்துவிடுமாம். அக்காவுக்கு என்ன தெரியும்? வாரத்தில் மூன்று நாள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கு முன்னால் நின்று, கண் இமைக்காமல், குரல் பிசகாமல் அவள் பொய் சொன்னாள். அதைப் பாராட்டி மேலதிகாரி ஒருவர் கடிதம்கூட எழுதினார்.

பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். கழுத்தை விட்டு விசில் இறங்கியதே இல்லை என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. போகப் போகத் தலைமை ஆசிரியையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். மைதானம் என்பது பேச்சுக்குத்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சிமெண்டுத் தரை. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் கால் உடைந்த பெஞ்சுகள். பத்து மணிக்கு மேல் பாதித் தரையில் நிழல் விழும். நிழல் சின்னப் பிள்ளைகளுக்கு, வெயில் பெரிய பிள்ளைகளுக்கு என்பது அவள் போட்ட சட்டம்.

சத்தான சாப்பாட்டைப் பற்றிய பாடம் அவள் தலையில் வந்து விழுந்தது தற்செயல்தான். எடுக்க வேண்டிய டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். தலைமை ஆசிரியை புத்தகத்தை இவள் கையில் திணித்து, ஒப்பேற்றிவிடு என்றார். முதல் நாள் இவளும் சமர்த்தாகக் கரும்பலகையில் பட்டியல் போட்டாள். முட்டை, பால், கீரை, பயறு என்று எழுதிவிட்டுத் திரும்பினால் முன்வரிசையில் ஒருத்தி தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். மணி காலை ஒன்பதரை. விசில் டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் வகுப்பில் ஒரு பிள்ளை தூங்குவதா? பட்டியலை அழித்துவிட்டு மொத்தக் கூட்டத்தையும் வெளியே ஓட்டிக்கொண்டு வந்தாள். காலை ஒன்பதரைக்கு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏன் தூக்கம் வருகிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

ஆட்டம் இதுதான். தரையில் மூன்று வளையங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை வளையம் உடைந்து டேப் சுற்றியது. கடை விளம்பரத் தாள்களிலிருந்து சாப்பாட்டுப் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். தினமும் சாப்பிட வேண்டியது என்றால் பச்சை வளையத்துக்கு முயல் மாதிரித் தாவ வேண்டும். எப்போதாவது என்றால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் மஞ்சளுக்கு. ஆகாதது என்றால் சிவப்பு. சிவப்புக்கு யாரும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் சிலையாகிவிட வேண்டும். அட்டை மட்டும் போய்ச் சிவப்பு வளையத்துக்குள் விழும்.

பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை. முன்னால் ஓடுகிறவன் எங்கே ஓடுகிறானோ அங்கே அத்தனை பேரும் ஓடினார்கள். சொந்த மூளையைக் கசக்க வைக்க வேண்டுமே என்று மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்ததுதான் ஏமாத்துச் சுற்று.

அது கடைசிச் சுற்று. அதில் டீச்சர் சொல்வதெல்லாம் பொய். சிவப்பு அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இது ரொம்ப நல்லது கண்ணுங்களா, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்று தேன் ஒழுகப் பேசுவாள். ஒரு அடி எடுத்து வைத்தால் அவுட். சிரித்தால் அவுட். கெஞ்சுவாள், மண்டியிடுவாள், "இது ஆட்டம் இல்லடா, நிஜமாத்தான் சொல்றேன்" என்று சத்தியம் செய்யாத குறையாக நம்ப வைப்பாள். கடைசி ஆயுதம் கண்ணீர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தால், கன்னத்தை உப்பி நின்றவர்களெல்லாம் குபீரென்று சிரித்து அவுட்டாகிவிடுவார்கள். நீளமாக ஒரு விசில் ஊதினால்தான் சுற்று முடிந்ததாக அர்த்தம். அதுவரை அசையாதவர் கையில் பச்சைப் பட்டை கட்டுவாள். தையல் பெட்டியிலிருந்து எடுத்த எலாஸ்டிக் துண்டுதான். ஆனால் அதற்காகப் பிள்ளைகள் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

கலைந்து போகும் முன் ஒரு கோஷம் உண்டு. "மைதானத்துல ஆட்டம் முடிஞ்சது. வீட்ல?" என்று அவள் கேட்பாள். "வீட்ல முடியலை" என்று முப்பத்திரண்டு தொண்டைகள் கத்தும். அந்தக் கோஷத்தைக் கேட்டு விசில் டீச்சருக்கு ஒவ்வொரு தடவையும் உச்சி குளிர்ந்துபோகும்.

பச்சைப் பட்டையை வாராவாரம் தட்டிக்கொண்டு போனவள் அரைடிக்கெட். அன்றைக்கு முன்வரிசையில் தூங்கினாளே, அவளேதான். பஸ்ஸில் இவளுக்கு அரை டிக்கெட் கேட்கவே கண்டக்டர் வெட்கப்படுவார் என்று யாரோ சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவ்வளவு சின்ன உடம்பு. தாவுவதிலும் ஓடுவதிலும் அவள் பின்வரிசைதான். ஆனால் சிலையாக நிற்பதில் அவளை அடிக்க ஆளில்லை. டீச்சரின் கண்ணையே பார்த்துக்கொண்டு, உதட்டோரத்தில் துளி சிரிப்பை வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு. டீச்சர் தலைகீழாக நின்றாலும் அவள் அசைந்து கொடுக்க மாட்டாள்.

ஒருநாள் புது அட்டை ஒன்று வந்தது. டீக்கடை வாசலில் கிடந்த பிஸ்கெட் உறையை வெட்டி ஒட்டியது. அதைத் தூக்கிக் காட்டியதும் அரைடிக்கெட் சிலையை மறந்து கையைத் தூக்கிவிட்டாள்.

"டீச்சர், அது எங்கம்மா பண்றது."

அவளுடைய அம்மா பிஸ்கெட் ஃபாக்டரியில் பாக்கெட் போடுகிறவள். பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. டீச்சரின் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அம்மா பண்ணட்டும், நாம திங்க வேண்டாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அரைடிக்கெட்டும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. அட்டை சிவப்பு வளையத்தில் போய் விழுந்தது.

ஆட்டத்தின் புகழ் பரவி, ஒரு வெள்ளிக்கிழமை மேலதிகாரியும் இரண்டு பேரும் பார்க்க வந்தார்கள். ஒருவர் ஃபோனை நீட்டி வீடியோ எடுத்தார். விசில் டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏமாத்துச் சுற்றில் எல்லோரும் அவுட்டாகி அரைடிக்கெட் ஒருத்தி மிச்சம் இருந்தாள். டீச்சருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு யோசனை வந்தது. அதிகாரியின் டீத் தட்டிலிருந்து நிஜ பிஸ்கெட் ஒன்றை எடுத்து, மண்டியிட்டு, பிள்ளையின் உதட்டுக்கு முன்னால் நீட்டினாள். வாசனை போகிற அளவுக்குக் கிட்டே. "எனக்காக ஒரு கடி, கண்ணு" என்று அழுதாள்.

அரைடிக்கெட் அசையவில்லை. தொண்டைக்குழி மட்டும் ஒருதரம் ஏறி இறங்கியது. அதிகாரி கை தட்டினார். "தொண்டை அசைஞ்சுதே, அவுட் குடுக்கலாமா?" என்று டீச்சர் எல்லோரையும் பார்த்துக் கேட்க, ஒரே சிரிப்பு. அன்றைக்குக் கட்டிய பச்சைப் பட்டையை அந்தப் பிள்ளை அப்புறம் கழற்றவே இல்லை. மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் இந்த ஆட்டம் போக வேண்டும் என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

பத்து நாள் போயிருக்கும். முயல் ஓட்டத்தின் நடுவில் அரைடிக்கெட் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். பச்சைப் பட்டை கட்டினவ இப்படி உட்காரலாமா என்று டீச்சர் அதட்டினாள். பிள்ளை எழுந்து ஓடினாள். மறுநாளும் உட்கார்ந்தாள், டீச்சர் மறுநாளும் அதட்டினாள். வெற்றி தலைக்கேறிவிட்டது, சோம்பேறியாகிவிட்டது என்று டீச்சர் முடிவு கட்டினாள். படித்தவர்களுக்குக் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

அந்த வாரம்தான் அரைடிக்கெட்டின் அம்மா வந்தாள். ஃபாக்டரி உடுப்போடு, தலையில் வலைத் தொப்பியைக்கூட எடுக்காமல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் உடைந்த பிஸ்கெட்டுகள்.

"உடைஞ்சதை எங்களுக்குக் குடுத்துடுவாங்க டீச்சர். காலைல டீயில தோய்ச்சுத் திம்போம், மத்தியானமும் ராத்திரியும் அதான். எப்பவாச்சும் சோறு இருக்கும், ரொட்டி இருக்கும். மத்த நாளெல்லாம் இதான். என் புள்ளைங்க ரெண்டும் இதுலதான் வளர்ந்துச்சு" என்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரியே இல்லை. "இப்ப பெரியவ தொட மாட்டேங்கிறா. கிட்ட கொண்டு போனா செலை மாதிரி நிக்கிறா. டீயில சக்கரை போட்டா அதுவும் செவப்பாம். அடிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

எப்போதிலிருந்து என்று டீச்சர் கேட்டாள். பெரியவங்க யாரோ பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்களாமே, அன்றிலிருந்துதான் என்றாள் அம்மா.

விசில் டீச்சருக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆனால் வாய், பழக்க தோஷத்தில், பாடத்தைத்தான் ஒப்பித்தது. காலையில் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் கொடுத்தால் போதும் என்றாள். "குடுக்கலாம் டீச்சர்" என்று அம்மா சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். டீச்சர் வாழ்நாளில் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அம்மா, போகும்போது. "எங்க பேச்சு எடுபடலை. நீங்க சொன்னா கேப்பா."

இது என்ன பெரிய விஷயம், நாளைக்கே சரி செய்துவிடலாம் என்றுதான் விசில் டீச்சர் நினைத்தாள். மறுநாள் எல்லோரையும் நிழலில் நிற்க வைத்தாள். சிவப்பு வளையத்திலிருந்து பிஸ்கெட் அட்டையை எடுத்தாள். டீச்சர் ஒரு தப்புப் பண்ணிட்டேன், இது கெட்டது இல்லை, வீட்டில் அம்மா கொடுத்தால் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, அட்டையைப் பச்சை வளையத்துக்குள் வைத்தாள்.

மைதானம் கப்சிப் என்றாகிவிட்டது. பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "டேய், ஏமாத்துச் சுத்து" என்று கிசுகிசுத்தான். அவ்வளவுதான், முப்பத்திரண்டு சிலைகள்.

இல்லை, இது ஆட்டம் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றாள். கன்னங்கள் உப்பின. அவள் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் விறைத்து நின்றார்கள். வழக்கமாக இந்த இடத்தில் என்ன சொல்வோமோ அதையேதான் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். டீச்சர் இன்னைக்கு சூப்பரா அழுதீங்க என்று ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள். அரைடிக்கெட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நீள விசில் ஊதிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

தனியாகக் கூப்பிட்டுத் தொட்டி ஓரமாக உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கவனமாகக் கேட்டாள். பிறகு டீச்சரின் முகத்தை நன்றாக ஒருதரம் பார்த்தாள்.

"நான் ஏமாற மாட்டேன் டீச்சர்" என்றாள்.

அதற்கப்புறம் விசில் டீச்சர் தினம் ஒரு முட்டையும் வாழைப்பழமும் கொண்டு வந்தாள். அரைடிக்கெட் பத்திரமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் கேட்டால், வீட்டில் தங்கச்சிக்கு என்றாள். தங்கச்சிக்கு மூன்று வயது. "அவளுக்கு ஆட்டம் தெரியாது டீச்சர், சிவப்பையே திங்கிறா, பாவம்" என்றாள். அப்புறம் டீச்சர் எதிரிலேயே உட்கார வைத்துத் தின்ன வைத்தாள். பாதி முட்டைக்கு மேல் இறங்கவில்லை. மீதிப் பாதி பைக்குள் போனது.

தலைமை ஆசிரியையிடம் போய் ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். வீடியோ எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது, இத்தனை பிள்ளைகளுக்கு நல்லது நடக்கிறபோது ஒரு பிள்ளைக்காக ஊதிப் பெரிதாக்காதே என்றார் அவர். பசி வந்தால் தானாகத் தின்னும் என்றும் சொன்னார். விசில் டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் கடிதம் பளபளவென்று இருந்தது. அதைப் பிடுங்கிப் போட வேண்டும் போல இருந்தது என்று சொன்னால் பொய். துடைத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு பதினைந்து நாள் விடுமுறை வந்தது. அக்காவோடு அக்கா மகள் வீட்டுக்குப் போனாள். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். அந்தப் பதினைந்து நாளில் அரைடிக்கெட்டைப் பற்றி எத்தனை தரம் நினைத்தோம் என்று பின்னால் அவள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு தரம். அதிலும் ஒருதரம் வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டினபோது.

பள்ளி திறந்து மூன்று நாளாகியும் அரைடிக்கெட் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பதிவேட்டில் முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் அவித்த முட்டை வாங்கி, பால், பழம் என்று பையை நிரப்பினாள். ஃபாக்டரிக்குப் பின்னால் இருந்தது அந்தத் தெரு. தெரு முழுக்க வெண்ணெயும் சர்க்கரையும் வேகிற வாசனை. துணி காய்கிற கொடி, சாத்தியிருந்த கதவு, சாக்கடை மூடி என்று எதன் பக்கத்தில் போனாலும் அதே வாசனை. அரைடிக்கெட் தினமும் இதற்குள்தான் தூங்கி எழுந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

இரும்புப் படிக்கட்டு ஏறினால் ஒரே அறை. ஒரு ஸ்டவ், ஒரு பாய், கயிற்றில் இரண்டு ஃபாக்டரி உடுப்புகள். ஆணியில் பிஸ்கெட் பை தொங்கியது. சின்னவள் அதற்குக் கீழே உட்கார்ந்து ஒரு துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். பெரியவள் பாயில் கிடந்தாள்.

அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். விடுமுறையில் முதலில் தண்ணீரும் எப்போதாவது ஒரு வாழைப்பழமுமாக ஓடியிருக்கிறது. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, பசி வரவில்லை. காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாளாம். உடம்பில் எதுவுமே மிச்சம் இல்லை, குடல் சுருங்கிக் கிடக்கிறது, பால் முட்டையெல்லாம் இப்போது தாங்காது, வயிற்றுக்குப் பழகின சாப்பாட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றிருக்கிறார். பழகினது எது என்று கேட்டிருக்கிறார். பிஸ்கெட் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அதையே கொடுங்கள், நாளைக்குள் எதுவும் உள்ளே போகாவிட்டால் வார்டில் சேர்த்துக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"மூணு தரம் கரைச்சுட்டேன்" என்றாள் அம்மா. "வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நீங்க வந்துட்டீங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா."

அந்த நம்பிக்கையைப் பார்க்க விசில் டீச்சருக்குப் பயமாக இருந்தது. கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த பிஸ்கெட், கூழாக இருந்தது. பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

அரைடிக்கெட் கண்ணைத் திறந்தாள். முகம் கண்ணாகவே இருந்தது. டீச்சரை அடையாளம் தெரிந்தது, மண்டியிட்டிருப்பதும் தெரிந்தது. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். உதட்டோரத்தில் அந்தத் துளிச் சிரிப்பு வந்தது. பிறகு கழுத்து, தோள், விரல் எல்லாம் ஒவ்வொன்றாக விறைத்தன. படுத்தபடியே சிலையாகிவிட்டாள்.

"கண்ணு, இது ஆட்டம் இல்லடா" என்றாள் டீச்சர்.

சொன்ன கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தேடினாள். நல்லது என்று சொல்ல முடியாது, அதைச் சொல்லியாகிவிட்டது. டீச்சர் மேல் சத்தியம் என்று சொல்ல முடியாது, எனக்காக ஒரு வாய் என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொல்வதற்கென்று அவளிடம் இருந்த அத்தனை வார்த்தைகளையும், அத்தனை குரல்களையும் அவள் ஏற்கனவே மைதானத்தில் செலவழித்திருந்தாள். கண்ணீர் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. பிள்ளை அதையும் பார்த்தாள். கடைசி ஆயுதம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அவளுக்குத் தெரியும். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

அப்போதுதான் விசில் நினைவு வந்தது. கழுத்திலேயே கிடந்தது. எடுத்து வாயில் வைத்து ஊதினாள். நீளமாக, மூச்சு தீருகிற வரைக்கும் ஊதினாள். அந்தச் சின்ன அறை அதிர்ந்துபோயிற்று. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள். கீழ் வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அரைடிக்கெட்டின் உடம்பு தளர்ந்தது. விரல்கள் பிரிந்தன. "நான்தானே டீச்சர்?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நீதான். நீதான் ஜெயிச்சே" என்றாள் விசில் டீச்சர். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்தாள். அம்மா பின்னால் வந்து பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆட்டம் முடிஞ்சது கண்ணு. எல்லாம் முடிஞ்சது. இப்ப ஒரு வாய்."

பிள்ளை ஸ்பூனைப் பார்த்தாள். அப்புறம் அறையைப் பார்த்தாள், ஸ்டவ்வை, கயிற்றில் தொங்கிய உடுப்பை. டீச்சர் எதையோ மறந்துவிட்டாள், அதை ஞாபகப்படுத்த வேண்டும் என்பது போலத் தயங்கினாள்.

"வீட்ல முடியலை டீச்சர்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்பூனிலிருந்து பாயில் சொட்டியது. அம்மாவின் கை பிள்ளையின் நெற்றியில் இருந்தது.

விசிலுக்குப் பயந்து சுவரோடு ஒட்டியிருந்த சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயில் இருந்த பிஸ்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து, இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தை உப்பிக்கொண்டாள். எங்கே கற்றுக்கொண்டாளோ, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அரைடிக்கெட் அதைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்தடவையாக அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம் வந்தது. மணிக்கட்டில் இருந்த பச்சைப் பட்டையைக் கழற்றப் போனாள். கழற்ற வேண்டியிருக்கவில்லை. கையைத் தாழ்த்தியதும் அது தானாக நழுவி விழுந்தது. தங்கச்சிக்குக் கட்டச் சொல்லி டீச்சர் பக்கமாக விரலால் தள்ளினாள்.

"இவளுக்காவது சொல்லுங்க டீச்சர்" என்றாள் அம்மா. "நீங்க சொன்னா கேப்பா."

விசில் டீச்சர் மண்டியிட்டபடியே இருந்தாள். ஸ்பூன் இன்னும் கையில் இருந்தது. அவள் அசையவில்லை.